தீர்ப்புக்கு மறுநாள்

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மஞ்சள் கயாக் படகு ஒன்று அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. முன் இருக்கையில் தூண்டிலோடு தச்சர், பின்னால் துடுப்போடு அவருடைய மச்சினன். நேற்று மத்தியானம் விவாகரத்துத் தீர்ப்பு வந்ததிலிருந்து தச்சருக்கு எதுவும் உறைக்கவில்லை. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. அவர் இமையைக்கூடச் சுருக்காமல் தூண்டில் நரம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்து வருஷமாக வாரம் தவறாமல் இருவரும் வருகிற இடம்தான். "அக்கா போகாதேன்னு சொன்னா," என்கிறான் மச்சினன். "சரி," என்கிறார். "நான் போவேன்னுட்டேன்." அதற்கும் "சரி"தான். நரம்பு விறைக்கிறது, கயாக்கின் மூக்கு தானாகத் திரும்புகிறது. தச்சர் வெறுங்கையில் நரம்பைச் சுற்றிப் பிடித்து இழுக்கிறார். பளபளவென்று ஒரு கொடுவா மீன் ஏறி வந்து அவர் காலடியில் வாலை அடிக்கிறது. நிதானமாக அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றுகிறார். "அத்தான், கை." நரம்பு அறுத்த உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்திருக்கிறது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்க்கிறார். மச்சினன் துடுப்பை மடியில் கிடத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, எக்கி அந்தக் கையைத் தன் பக்கம் இழுக்கிறான். கயாக் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்கிறது. "இனிமே அப்படிக் கூப்பிடாதடா," என்கிறார் தச்சர், கடலைப் பார்த்தபடி. அவன் துண்டைக் கையில் சுற்றி முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குகிறான். பிறகு, "எரியுதா அத்தான்?" என்று கேட்கிறான். உப்புத்தண்ணீர் பட்ட இடம் எரிகிறதா என்று தெரிந்து சொல்வதற்காகத் தச்சர் காத்திருக்கிறார்.