கரையான் தொடாத கதவு

அக்கா வீட்டில் பல மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறோம். சாவியை நுழைத்த அப்பா, திருப்புவதற்கு முன் களைப்பில் கதவின் மேல் தோளைச் சாய்க்கிறார். கதவு அப்படியே, முழுசாக, உள்ளே விழுகிறது. வீடே ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. சாயங்கால வெயிலில் செம்மண் நிறத்தில் புழுதி எழும்பி, அம்மாவின் தலையிலும் கைப்பையிலும் மெல்ல இறங்குகிறது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்திச் செய்த புதுக் கதவு அது. கரையான் கிட்டவே வராது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வரவில்லைதான், ஒரு கீறல்கூட இல்லாமல் தரையில் பளபளவென்று மல்லாந்து கிடக்கிறது. அதைத் தாங்கி நின்ற பழைய மரநிலையைத்தான், பெயிண்டை மட்டும் தோலாக விட்டுவைத்து, உள்ளே முழுக்கக் கரையான் தின்று தீர்த்திருக்கிறது. "நிலை கல்லு மாதிரி இருக்கு, கதவ மட்டும் மாத்துனாப் போதும்னு யாரு சொன்னது?" கேட்டபடி அம்மா கைப்பையின் புழுதியைத் தட்டுகிறார். அப்பா நிலையில் விரலை வைக்கிறார். விரல் பாதி வரைக்கும் உள்ளே போகிறது. உருவி எடுக்கக்கூடத் தோன்றாமல் நிற்கிறார். "பூட்டிட்டுத்தானே போனேன்," என்கிறார், யாரிடம் என்று தெரியவில்லை. பொய்யில்லை. கீழே கிடக்கும் கதவில் சாவி செங்குத்தாக நிற்கிறது. பூட்டு இன்னும் பூட்டியே இருக்கிறது.