மங்கிய சிவப்பு

அக்ரஹாரத்துக் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தட்டில் குவிந்திருக்கும் குங்குமம் அந்த வெளிச்சத்திலும் பளிச்சிடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் இந்த மங்கிய சிவப்புத்தான் வரும். முப்பது வருஷம் தோல் வார்டில் நர்ஸாக இருந்து, சாயக் குங்குமம் புண்ணாக்கிய நெற்றிகளுக்கு மருந்து தடவியவள் வேதநாயகி. இனி ஒரு நெற்றியும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் ஓய்வு பெற்ற கையோடு இந்தக் கடையைப் போட்டாள். எதிரே நிற்கும் பெண் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்க்கிறாள். "இதேன் அக்கா, காஞ்ச ரத்தம் மாதிரி இருக்கு?" "சாயம் போடலம்மா. எரியாது, அரிக்காது." "குங்குமம்னா தீ மாதிரி இருக்க வேண்டாமா?" கையைத் தட்டிவிட்டு அவள் அடுத்த கடைக்கு நகர்கிறாள். உதிர்ந்த தூள் வெயிலில் மெதுவாக இறங்குகிறது.

உள்ளே இடிக்கும் சத்தம் நிற்கிறது. மூன்று வருஷமாக இந்தக் குங்குமத்தை இடித்துச் சலிக்கும் ரூபா, கல்யாண வீட்டுக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு வருகிறாள். எவ்வளவு கழுவியும் விரலிடுக்கில் மஞ்சள் போகவில்லை. பைக்குள்ளிருந்து சின்ன டப்பாவை எடுத்து, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் பொட்டு வைக்கிறாள். பொட்டைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்திருக்கிறது. வேதநாயகியின் அருகில் வந்து குனிந்து நெற்றியைக் காட்டுகிறாள்.

"ரொம்ப எரியுது ஆன்ட்டி. உங்ககிட்ட அந்த மருந்து இருக்கா? சுத்தி மட்டும் தடவுங்க, பொட்டு கலையக் கூடாது."