சாவி வளையத்துப் பேனா

“மழையில நனைஞ்சா எழுதுமா, மொதலாளி?”

பதுளை கடைவீதியில் ஷுக்ரியின் கடை. எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செல்லாயி, சாவி வளையத்தில் கோர்க்கும் குட்டிப் பேனாக்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள்.

“எழுதும் தங்கச்சி.”

“குளிருக்கு மை நின்னுருமா? அவசரத்துக்கு மூடி சட்டுனு கழருமா?”

“இதுக்கு மூடியே இல்ல. அமுக்கினா போதும்.” ஷுக்ரி சிரித்தார். “வீட்டுக்காரர் கணக்கப்பிள்ளையா?”

“கங்காணிங்க. பேனா எப்பவும் இடுப்புலயே இருக்கணும்.”

“கங்காணிக்கு எதுக்குப் பேனா? ஆளுகள வேலை வாங்க, அடுத்த மலைக்குக் கேக்கிற மாதிரி சத்தம் இருந்தா போதாதா?”

செல்லாயி பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தொண்டையில கேன்சருங்க. நாளைக்கு ஒப்பரேசன். அதுக்கப்புறம் பேச்சே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

ஷுக்ரியின் சிரிப்பு நின்றது. பேனாவை வாங்கி, தானே ஒரு சாவி வளையத்தில் கோர்த்து, இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கொடுத்தார்.

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.

“அரிச்சுவடி ஒன்னு குடுங்க.”

“பிள்ளைக்கா?”

“எனக்குங்க. புருசன் எனக்கு எழுதுறத அடுத்தவங்ககிட்டயா வாசிக்கச் சொல்றது?”