வஞ்சிரப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பைக்

மார்கழிக் குளிரில் லடாக் மலைகளிலும் பாலைவனத்திலும் பைக் ஓட்டப்போவதாக ரொசாரியோ நாள் கணக்கில் அளந்துகொண்டிருந்தார். தூத்துக்குடி வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத உடம்பு.

"மொதல்ல நம்ம மீன் கிட்டங்கி ஐஸ் ரூம்ல ஒரு மணி நேரம் இருந்து காட்டுங்க, பொறவு போங்க" என்றாள் கிட்டங்கியை நடத்தும் மனைவி பிலோமினா.

கோட்டு, கையுறை, ஹெல்மெட் சகிதம் பைக்கை உள்ளே தள்ளிப்போய், வஞ்சிரப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி மூடியிருந்தது. ஹேண்டில்பாரை விடாமல், பற்கள் தந்தியடிக்க, அவர் கேட்டார்: "அக்கா, பக்கத்துல டீக்கடை எதும் இருக்கா?"

பிலோமினா வஞ்சிரங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மலை தாண்டணும் தம்பி" என்று கதவைச் சாத்தினாள்.