நாற்பதைத் தாண்டிய பாக்கியலெட்சுமி

"ஐயோ, நாப்பத்திரண்டு! பாக்கியம் அம்மா, நாலு கிலோ கூடியிருக்கிறீங்கள்!"

விஜிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஹாலிஎலவுக்கு வேலைக்கு வந்து, உலர் உணவுப் பொதி வாங்கும் முதியவர்களுக்குச் சத்துணவுப் பாடம் எடுக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் வெற்றி இதோ, தராசின் மேலேயே நிற்கிறது!

"என்ன சாப்பிட்டனீங்கள்? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

பாக்கியலெட்சுமி அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். வெட்கத்தோடு முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் மிஸ். பயறு அவிச்சேன். ரொட்டியில கீரை போட்டேன். சாப்பிட்ட ஒடனே தேத்தண்ணி குடிக்கல."

"தேத்தண்ணி குடிக்கலியா? பொய் சொல்லாத பாக்கியம்!" என்று பின்வரிசையிலிருந்து கணபதி குரல் கொடுத்தார். தோட்டத்து வாசிகசாலையே சிரித்தது.

விஜிதாவும் சிரித்தபடி படிவத்தைப் புரட்டினாள். அங்கேதான் சந்தோஷம் வடிந்துபோனது. நாற்பது கிலோவைத் தாண்டியவருக்கு அடுத்த மாதம் முதல் பொதி கிடையாது. அது காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும். பாவம், இதை எந்த வாயால் சொல்வது?

மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னாள்.

பாக்கியலெட்சுமியின் முகம் செத்துப்போனது. "நிப்பாட்டிருவீங்களா மிஸ்? ஒண்டிக்கட்டை நான். அந்தப் பொதிய நம்பித்தானே அடுப்பு எரியுது!"

"நான் என்னம்மா செய்யிறது? தராசு காட்டுறதைத்தானே எழுதலாம்."

"காட்டுறத அப்படியேவா எழுதுவீங்க? கழிக்க மாட்டீங்களா?"

"கழிக்கிறதோ? எதை?"

கிழவி தராசில் நின்றபடியே திரும்பி, இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து இரண்டு ஆற்றுக் கற்களை எடுத்துத் தரையில் வைத்தாள். தராசு முள் முப்பத்தெட்டுக்கே இறங்கி நின்றது.

"மொத தடவ தெரியாம வெறுமனே வந்துட்டேன் மிஸ். கொழுந்து நிறுக்கையில கூடைக்கு, தண்ணிக்குன்னு எப்பவும் நாலு கிலோ கழிச்சுத்தானே எழுதுவாங்க? நீங்களும் கழிப்பீங்கன்னு, சரியா நாலு கிலோதான் கட்டிக்கிட்டு வந்தேன்."