முன்வாங்கில் ஓர் இடம்

மஹய்யாவ தேவாலயத்தின் முன்வரிசை வாங்கில், தன் பக்கத்து இடத்தைக் கைப்பையால் பிடித்து வைத்திருந்தாள் எமில்டா.

“அவன் எந்த முகத்தோட வருவான், அக்கா? சொந்தக்காரங்க நிக்கிறாங்க, இடத்த விடுங்க” என்றாள் தங்கை ஸ்டெல்லா.

“வருவான். அவனும் என் புள்ளதானே.”

பூசை தொடங்கிய பிறகுதான் கிருஷாந்தன் வந்தான். பின்வரிசையில் ஒதுங்கியவனை எமில்டா எழுந்துபோய்க் கையோடு கூட்டிவந்தாள்.

“நான் பின்னாலயே இருக்கேன்மா.”

“என் புள்ளைக்கு முன்னாலதான் இடம்.”

பங்குத்தந்தை மன்றாட்டைத் தொடங்கினார். “சென்ற வருடம் மகாவலி ஆற்றில் மூழ்கிய ஒருவரைக் கரையேற்றிவிட்டு, தன் உயிரை விட்ட ஜெரோமின், எமில்டாவின் ஒரே மகனின், ஆத்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்.”

கரையேறிய கிருஷாந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

“நிமிர்ந்து உட்காரு” என்றாள் எமில்டா. “அவன் உன்னத் தூக்கிவிட்டது தலை குனியவா?”