ஐயாயிரத்து முந்நூறு வாசகர்கள்

கட்டுரையை இணையத்தில் ஏற்றி எட்டு மாதம் ஆகிவிட்டது. இதுவரை படித்தவர்கள் ஒன்பது. அதில் ஆறு, புள்ளியியல் பேராசிரியர் தானே திறந்து பார்த்தது. மீதி மூன்று, அவர் நச்சரிப்பு தாங்காமல் மனைவி திறந்தது.

பதவி உயர்வுக்கு அந்த எண்ணிக்கைதான் முக்கியம். "எழுதினா மட்டும் போதுமா சார்? நாலு பேர் கண்ணுல படணும்ல?" என்று துறைத் தலைவி கையை விரித்துவிட்டார்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சினன்தான் கைகொடுத்தான்.

"கவலைய விடுங்க அத்தான். ஆளே இல்லாம அதுவா திறந்து திறந்து மூடுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்."

பத்தே நாளில் ஐயாயிரத்து முந்நூறு. அந்த இணையதளத்தின் 'இந்த வாரம் அதிகம் படிக்கப்பட்டவை' பட்டியலில் முதலிடம். எதிரே வந்தால் மொபைலைப் பார்க்கும் சக பேராசிரியர்கள்கூட நின்று கை குலுக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை நேர்காணல். துறைத் தலைவி பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போடப் போன நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"இந்தக் கட்டுரை எழுதினது யாரு?"

பேராசிரியர் சட்டென்று எழுந்தார். மச்சினன் மாட்டிக்கொண்டான்!

"நான்தான் சார். மச்சினனை விட்டுடுங்க, புள்ளகுட்டிக்காரன். ஐயாயிரத்து முந்நூறும் பொய்க் கணக்கு. நான் சொல்லித்தான் செஞ்சான்!"

துறைத் தலைவி பேனாவை மூடினார். ஃபைலையும் மூடினார்.

இன்ஸ்பெக்டர் விழித்தார். "அது உங்க காலேஜ் விவகாரம். நான் வந்தது வேற." கவரிலிருந்து தாள்களை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு, ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு. தலைப்பைப் படித்தார்: "மின் பயன்பாட்டைக் கொண்டு வீடுகள் பூட்டியிருக்கும் நேரத்தை மதிப்பிடுதல்."

"முந்தாநாள் பிடிபட்ட ஒரு திருடன் பையில இருந்துச்சு. பட்டியல்ல முதலிடத்துல இருக்கே, சரியாத்தான் இருக்கும்னு நம்பி எடுத்தானாம்."

பேராசிரியருக்குப் பதவி உயர்வு போனதே மறந்துவிட்டது. "முழுசாப் படிச்சானா சார்?"

"வரி விடாமப் படிச்சிருக்கான். நாலாவது அட்டவணையில செவ்வாயையும் புதனையும் மாத்திப் போட்டு, ஆள் இருக்கிற வீட்டுக்குள்ள அவனை நுழைய விட்டுட்டீங்களாம். உங்க மேல புகார் எழுதிக் கொடுத்திருக்கான்!"